இன்னும் முடிவு பண்ணலை

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்திருப்பவள் நான். உள்ளே வரும் டிரெய்லரின் வண்டி எண், பெட்டி எண், சீல் எண் மூன்றையும் பார்த்துக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஏழு வருடமாக இதையேதான் செய்கிறேன். ஆனால் தாளில் ஏழு வருடம் கிடையாது. எங்கள் யார்டில் ஒப்பந்த ஆட்களுக்குப் பதினோரு மாதம்தான் ஆயுள். அது முடிந்ததும் கேட் பாஸை வாங்கிக்கொண்டு மூன்று நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பெயர் பிரேக். நான்காவது நாள் கூப்பிட்டால் புதுப் பாஸ், புது ஒப்பந்தம், நேற்றுத்தான் பிறந்தவள் மாதிரி மறுபடி உள்ளே போகவேண்டும். கூப்பிடாவிட்டால் அவ்வளவுதான். அந்த மூன்று நாளும் எர்ணாவூர் வீட்டில் கக்கூசுக்குப் போனாலும் போனைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

போன வருடம் ஆபீசில் கஸ்டமர் டெஸ்க்கில் ஓர் இடம் காலியானது. நிரந்தர வேலை, பிரேக் கிடையாது. ரோட்டுத் தூசி மூக்கில் ஏறாது. ஆனால் போனில் இங்கிலீஷ் பேசவேண்டும். நான் தமிழ் மீடியம். படித்தால் புரியும், எழுதவும் வரும், வாயைத் திறந்தால் ஒன்றும் வராது. அதனால் வேலை முடிந்ததும் தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன்.

சொல்லிக்கொடுத்த பெண் என்னைவிட ஆறு வயது சின்னவள். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள், "அடுத்த வருஷம் என்ன பண்ணப் போறீங்கன்னு ஒருத்தர் கேக்கறாங்க. உங்களுக்கே தெரியலை. எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டுவிட்டு போர்டில் எழுதினாள். ஐ மைட் கோ. ஐயாம் நாட் ஷ்யூர். ஐ ஹாவன்ட் டிசைடட். இட் டிபெண்ட்ஸ்.

பின் வரிசையில் இருந்த டிரெய்லர் டிரைவர் சிரித்தார். "மிஸ், ஹார்பர் லைன்ல இதான் எங்களுக்குத் தாய்மொழியே. வண்டி எப்ப உள்ள பூரும்னு ஓனர் கேட்டா இன்னா சொல்றது? மைட் கோ, மைட் நாட் கோ. ரெண்டு நாளா ரோட்லயே குந்திக்கினு கீறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரியவில்லை என்பதைத் தலை குனியாமல் சொல்லலாம் என்று ஒருத்தி போர்டில் எழுதிப் போட்டிருந்தாள். என்னை அப்படிச் சொல்ல யாரும் விட்டதில்லை. பெண் பார்க்க வந்தவர்கள், கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போவாளா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "வுட்டுடுவா. கண்டிப்பா வுட்டுடுவா." அடுத்து வந்தவர்களுக்கு வேலைக்குப் போகிற பெண்தான் வேண்டும். "போவா. கண்டிப்பா போவா." இரண்டு வீடும் அமையவில்லை. இரண்டு முறையும் நான் காபித் தட்டோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

நாலு மாதம் கழித்து இன்டர்வியூ. மேலாளர் கப்பல் கட் ஆஃப், அதாவது பெட்டி வந்துசேர வேண்டிய கடைசி நேரம் பற்றிக் கேட்டார், சொன்னேன். பெட்டி தாமதமானால் கஸ்டமரிடம் எப்படிப் பேசுவாய் என்றார், பேசிக் காட்டினேன். இடறினேன், ஆனாலும் நிற்கவில்லை. அவருக்குத் திருப்தி என்று முகத்திலேயே தெரிந்தது. கடைசியாக, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பாய், கல்யாணம் ஆனாலும் இங்கேயே தொடர்வாயா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"ஐ ஹாவன்ட் டிசைடட், சார். ஐ மைட் ஸ்டே. ஐ மைட் நாட்."

அன்றைக்கு நான் பேசியதில் தடங்கலே இல்லாமல் வந்தது அதுதான். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"இப்படிப் பதில் சொல்லக் கூடாதும்மா. எங்களுக்கு ஒரு உறுதி வேணும். கண்டிப்பா இருப்பேன்னு சொல்லு, முடிஞ்சுது. உனக்காகத்தான் சொல்றேன்."

உண்மையிலேயே எனக்காகத்தான் சொன்னார். ஒரு வார்த்தை போதும், வேலை என்னுடையது. அந்த வார்த்தைதான் வரவில்லை.

"சார், என் ஒப்பந்தத்தை நீங்க படிச்சிருக்கீங்களா? ஏழு வருஷமா அதே வரிதான். கம்பெனி விரும்பினா நீட்டிக்கலாம், நீட்டிக்காமலும் போகலாம். கம்பெனி அப்படிச் சொல்லலாம். நான் சொல்லக் கூடாதா?"

"அது வேற, இது வேற."

கோபம் வந்தால் எனக்கு ஆபீஸ் தமிழ் நிற்காது. "இன்னா சார் வேற? பதினோரு மாசத்துக்கு மேல என்னை வெச்சிக்குவீங்களான்னு உங்களுக்கே தெரியாது. நான் மட்டும் அஞ்சு வருஷத்துக்கு வாக்கு தரணுமா?"

"இப்ப வெளிய போ" என்றார். கத்தவில்லை.

வீட்டில் அம்மா கத்தினாள். "ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா பூடும்? அந்த நாற்காலில குந்தினப்புறம் இன்னா வேணா முடிவு பண்ணிக்க வேண்டியதுதானே!" அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் உள்ளே போகிறார்கள். ஆனால் மன்னிப்புக் கேட்கப் போக எனக்குக் கால் எழவில்லை.

மறுநாள் ஒரு வெள்ளைத் தாளில் இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினேன். ஐந்து வருடம் என்னை வேலையை விட்டு நிறுத்த மாட்டோம் என்று கம்பெனி ஒரு வரி. ஐந்து வருடம் விலக மாட்டேன் என்று நான் ஒரு வரி. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டு மேலாளர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸிலிருந்து கிளார்க் அண்ணன் கேட்டுக்கே நடந்து வந்தார்.

"அந்தப் பேப்பரை வந்து எடுத்துக்கினு போயிரும்மா. சார் செம கடுப்புல கீறாரு. ஒரு சாரி சொல்லு, இப்பக்கூட அந்த டெஸ்க் வேல உனக்குத்தான்."

"சைன் போட்டுட்டாராண்ணா?"

"ஏய், இன்னா வெளயாட்றியா? அவரு எப்படிப் போடுவாரு?"

"அப்ப அது அங்கயே கெடக்கட்டும்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனார். அடுத்த வாரம் அந்த டெஸ்க்கில் வேறொரு பெண் உட்கார்ந்தாள்.