பட்டப்பகலில் போன கேட்டு

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு மறதி நோய். அவர் தெருவில் இறங்கிவிடக்கூடாது என்றே இரும்புக் கேட்டை எப்போதும் பூட்டி வைப்பேன். போன மாதம் இரவு வேலை முடிந்து வந்து, காலையில் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் கேட்டையும் காணோம், அம்மாவையும் காணோம்!

அலறிக்கொண்டு ஓடினேன். பெரிய சாலையில் இறங்கப் போன அம்மாவை மோட்டார் சைக்கிளில் வந்த யாரோ ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார்.

பழைய இரும்புக்கு விற்கத் திருடர்கள் கேட்டைக் கழற்றி லோரியில் ஏற்றியதை எதிர்வீட்டு அண்ணன் நின்று பார்த்திருக்கிறார். லோரி திரும்புவதற்காகத் தம் காரைக்கூட நகர்த்திக் கொடுத்திருக்கிறார்!

"ஏண்ணே, யாருன்னு ஒரு வார்த்தை கேக்கல?"

"வேற இனத்து ஆளுங்கமா. சந்தேகப்பட்டு கேட்டா, இனப் பிரச்சினைன்னு ஃபேஸ்புக்ல போட்ருவானுங்க லா. நமக்கு எதுக்கு?"

இதற்குப் பெயர் நாகரிகமாம்!

இப்போதெல்லாம் தெருவில் தெரியாத லோரி நின்றால், எந்த இனமானாலும், நம்மவரே ஆனாலும், "யார் வீட்டுக்கு?" என்று போய்க் கேட்டுவிடுகிறேன். பதில் சரியில்லையென்றால் உடனே போலீசுக்குப் போன். என்னை 'இனவாதி' என்று எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினார் அதே அண்ணன்.

நேற்று அவரே என் வாசலில் வந்து நின்றார்.

"பினாங்குக்குப் போறோம் தங்கச்சி. வீட்ட கொஞ்சம் பாத்துக்க லா."