என் அண்ணனின் இடது காது

சொட்டானைக் கொன்றது நீங்கள்தான். வேறு யார் மேலும் பழி போடாதீர்கள்.

நீங்கள் என்றால், புதுப் பாகம் வரும்போதெல்லாம் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறி அறிவிக்கிறீர்களே, அந்த நீங்கள்தான். அந்த வீடியோ கேமின் தலைமை வடிவமைப்பாளர். முதல் பாகத்திலிருந்து ஏழாம் பாகம் வரை கடைசியில் உங்கள் பெயர்தான் பெரிதாக வருகிறது. சொட்டான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அதற்கு ஏதோ பெயர் வைத்தீர்கள், எங்கள் வாயில் நுழையவில்லை. அணைக்கட்டில் மூழ்கிப்போன ஊரில் ஈரக் காலோடு பின்னாலேயே நடந்து வருவானே, அவனுக்கு என் அண்ணன் வைத்த பெயர் சொட்டான். உங்கள் பெயரைவிட நல்ல பெயர்.

போன மாதம் மாங்காட்டில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழாம் பாகத்தைப் பெரிய டிவியில் போட்டு ஆடிக்கொண்டிருந்தான். ஒரே நேரத்தில் முப்பது சொட்டான்கள் ஓடி வந்தார்கள். அண்ணன் அவர்களைச் சுட்டுத் தள்ளிக்கொண்டே, செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஃப்ளாட்டுக்குத் தண்ணி லாரி ஏன் இன்னும் வரவில்லை என்று யாரிடமோ சண்டை போட்டான். லாரிக்காரர் பயந்திருக்கலாம். அந்த அறையில் வேறு யாரும் பயப்படவில்லை. பக்கத்து ஃப்ளாட்டின் மூன்று வயதுக் குழந்தை ஒன்று தரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே பார்த்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

நாங்கள் வளர்ந்தது ஆவடியில், ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். வரிசை வரிசையாக ஒரே மாதிரி மஞ்சள் கட்டடங்கள். நம்பர் மட்டும் வேறு. உங்கள் முதல் பாகத்தில் அணை கட்ட வந்த தொழிலாளர்களின் குடியிருப்பு வரும், ஞாபகம் இருக்கிறதா? அதே ஜன்னல் கம்பி, அதே தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக்கு அடியில் அதே மாதிரி சைக்கிள். எங்கள் பிளாக்கை எவனோ படமெடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் முக்கியது போல இருந்தது. ஆடி முடித்ததும் பால் வாங்கக் கீழே போகச் சொன்னால் எனக்குக் கால் நகராது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அண்ணனுக்குப் பதினான்கு. முதல் இரண்டு பாகங்களும் மார்க்கெட்டில் வாங்கிய திருட்டு டிவிடி. அதனால் உனக்குக் கேட்க உரிமை இல்லை என்பீர்கள். வேலைக்குப் போன பிறகு எல்லாப் பாகத்தையும் சம்பளத்தில் வாங்கிவிட்டேன். கேட்பேன்.

அந்தக் காலத்தில் உங்கள் விளையாட்டில் துப்பாக்கி கிடையாது. கையில் ஒரு விளக்கு. ஊர் முழுக்க மூன்றே மூன்று ஈரமில்லாத அறைகள். அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அதுவரை ஆடியது பதிவாகும். இடையில் செத்தால் போன அறையிலிருந்து மறுபடி நடக்க வேண்டும். சொட்டானைப் பார்க்க முடியாது, சத்தம் மட்டும்தான். சளக், சளக் என்று. அவன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறானோ அந்தக் காதில் மட்டும் கேட்கும். அந்தப் பக்கம் உடனே விளக்கைத் திருப்பினால் நின்றுவிடுவான். திருப்பாவிட்டால் முடிந்தது.

எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் போட முடியாது. அப்பாவுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஷிஃப்ட். காலையில் வந்து சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். அந்த வாரம் முழுக்க ஒரு டம்ளர்கூடக் கீழே விழக்கூடாது. விசில் சத்தம் கேட்கக்கூடாது என்று அம்மா குக்கரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு அடுப்பில் வைப்பாள். அப்பா உள்ளே தூங்க, ஹாலில் இரும்பு மேசை மேல் கம்ப்யூட்டர். ஓர் இயர்போன்தான் இருந்தது. தனியாக ஆட அண்ணனுக்குப் பயம். அதை அவன் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. எனக்கும் கதை தெரிய வேண்டாமா என்று பெரிய மனது பண்ணி, இயர்போனைப் பிரித்து வலதை அவன் வைத்துக்கொண்டு இடதை என்னிடம் கொடுத்தான்.

அப்படித்தான் நான் அவனுடைய இடது காது ஆனேன்.

பேசினால் அப்பா எழுந்துவிடுவார். அதனால் நான் அவன் தொடையில் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் தூரத்தில் வருகிறான். இரண்டு தட்டு என்றால் கிட்டே வந்துவிட்டான், விளக்கைத் திருப்பு. வலது பக்கத்தை அவனே பார்த்துக்கொள்வான். இந்த முறையில் முதல் பாகம் முழுவதையும் ஒரே கோடை விடுமுறையில் முடித்தோம். குவார்ட்டர்ஸில் அதை முடித்த முதல் பையன் அவன். கீழே கிரிக்கெட் ஆடுபவர்களிடம் போய்த் தனியாக முடித்ததாகச் சொன்னான். தங்கச்சி நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "இன்னா மாமே, பாடிகார்டா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வேலை யாருடையது என்று எனக்குத் தெரியும்.

மற்ற நேரத்தில் அண்ணன் என்னைச் சீந்த மாட்டான். சைக்கிளில் ஏற்ற மாட்டான். நண்பர்கள் வந்தால் உள்ளே போகச் சொல்வான். மத்தியானம் எங்கள் சாப்பாடு முடிந்து, உள்ளே அப்பாவின் குறட்டை கேட்கும்போது மட்டும் வாசலில் வந்து நின்று கையை ஆட்டுவான். அந்தக் கையாட்டலுக்காக நான் காலையிலிருந்து காத்திருப்பேன்.

அடுத்த கோடையில் இரண்டாம் பாகம். அது முதல் பாகத்தைவிடக் கொடூரம். அந்த ஒன்றை மட்டும் உங்களுக்கு விட்டுக்கொடுக்கிறேன், நன்றாகச் செய்திருந்தீர்கள். விடுமுறையின் கடைசி மத்தியானம். மறுநாள் அண்ணனுக்குப் பத்தாம் வகுப்பு ஆரம்பம். அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிப் பரண் மேல் ஏற்றிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். பரீட்சை முடியும்வரை கீழே வராது. கடைசி ஈரமில்லாத அறை ஒன்றுதான் பாக்கி. அதைத் தொட்டால் அண்ணன் முடித்த மாதிரி. ஒன்றரை மணி நேரமாக நடந்துகொண்டிருந்தோம். அண்ணனின் உள்ளங்கை ஈரத்தில் மவுஸ் வழுக்கியது. ஒருமுறை அம்மா எட்டிப் பார்த்து, "என்னட்டி செய்யுதிய ரெண்டு பேரும், மூச்சையே காணும்?" என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள்.

கதவு தெரிந்தது. கடைசித் தாழ்வாரம். நான்கு வீடுகள் தள்ளி.

சளக்.

என் காதில்தான். ஒரு தட்டு தட்டினேன். அண்ணன் தலையை ஆட்டினான். மறுபடி சளக். இந்த முறை அதற்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. முதல் பாகத்தில் மூச்சு இல்லை. அந்த மூச்சை என் காதுக்குள் விட்டது போலச் செய்திருந்தீர்கள். இரண்டு தட்டு தட்ட வேண்டும். கை அவன் தொடை மேல்தான் இருந்தது. நான் கையை எடுத்தேன். இயர்போனைக் காதிலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டேன். மூடினால் சத்தம் போய்விடும், சத்தம் போனால் அவனும் போய்விடுவான் என்று நினைத்தேன். கண்ணையும் மூடிக்கொண்டேன்.

திறந்தபோது திரை கறுப்பாக இருந்தது.

அண்ணன் கத்தவில்லை. கத்த முடியாது, அப்பா தூங்குகிறார். என் பக்கம் திரும்பி, மூச்சு விடுகிற சத்தத்தில் கேட்டான்.

"கேட்டுச்சா, கேக்கலையா?"

"கேக்கல."

என் கையைப் பிரித்து இயர்போனை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தான். நன்றாகத்தான் வேலை செய்தது. அதை மேசை மேல் வைத்தான்.

"நீ இல்லாங்காட்டி என்னால ஆட முடியாதுடி. தெரியும்ல? அப்புறம் இன்னாத்துக்கு இப்டி பண்ற?"

அவ்வளவுதான் சொன்னான். அடித்திருக்கலாம். எழுந்து போய்க் கம்ப்யூட்டருக்குப் போர்த்தும் துணியை அவனே எடுத்து வந்தான். பரண் மேல் ஏற்ற அப்பாவுக்குக் கீழே நின்று பிடித்தும் கொடுத்தான். அதற்கப்புறம் மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்த மூன்று நாளில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அண்ணனுக்கு என்னால் கஷ்டம். என்னை நம்பித்தான் தோற்றுப் போனான். நான் இல்லாவிட்டாலும் அவன் ஆடும்படி செய்துவிட்டால் அவன் தோற்க மாட்டான், என் மேல் கோபமும் இருக்காது. டிவிடி உறையின் பின்னால், மங்கிப்போன ஜெராக்ஸ் அட்டையில், உங்கள் மின்னஞ்சல் முகவரி இருந்தது. கருத்துகளை எழுதுங்கள் என்று போட்டிருந்தீர்கள்.

எனக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தது ஒரே ஒரு கடிதம். பள்ளியில் சொல்லிக்கொடுத்த லீவ் லெட்டர். காய்ச்சலின் காரணமாக விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். எதற்கும் அதுதான் அச்சு. லீவ் லெட்டரில் காரணம் பலமாக இருந்தால்தான் மிஸ் கையெழுத்துப் போடுவார். வெறும் பயமாக இருக்கிறது என்றால் யார் கேட்பார்கள்? அதனால் காரணத்தைப் பலமாகவே போட்டேன். பக்கத்து பிளாக் அக்காவின் கம்ப்யூட்டரில், ஒற்றை விரலால், பள்ளி ப்ராஜெக்ட் என்று பொய் சொல்லி அடித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மதிப்பிற்குரிய ஐயா, என் அண்ணனுக்கு இடது காது கேட்காத காரணத்தால், சொட்டான் இடது பக்கமாக வரும்போது திரையில் ஓர் அடையாளம் காட்டுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி."

இரண்டு நாளில் பதில் வந்தது. உங்கள் கருத்து எங்கள் குழுவுக்கு அனுப்பப்பட்டது, நன்றி. எல்லோருக்கும் போகிற பதில்தான் அது. இப்போது தெரிகிறது. அன்றைக்கு மிஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் பாகம் வந்தபோது அண்ணன் கல்லூரியில் சேர்ந்திருந்தான். அவன் இன்ஸ்டால் செய்வதைப் பார்த்து நான் ஓடிப்போய் ஸ்டூலை இழுத்து இடது பக்கம் போட்டு உட்கார்ந்தேன். விளையாட்டு ஆரம்பித்தது. தாழ்வாரம், விளக்கு, இருட்டு. திரையின் இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு வளைவு எரிந்தது. தூரத்தில் இருந்தால் மங்கலாக, கிட்டே வந்தால் பளிச்சென்று. அண்ணன் சாவகாசமாக விளக்கைத் திருப்பினான். சொட்டான் நின்றான். அண்ணன் சிரித்தான்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் கடிதம். என் சிவப்பு வளைவு. அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் என் பக்கம் திரும்பி, "நீ போய் படி. அதான் அதுவே காட்டுதே" என்றான். காது கேட்காதவர்களுக்கு வேண்டும் என்றால் வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளும்படி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அணைக்க வழியே இல்லாமல் எல்லோருக்கும் போட்டீர்கள்.

நான்காம் பாகத்தில் துப்பாக்கி கொடுத்தீர்கள். கூடவே வந்து ஜோக்கடிக்க ஒரு தோழனையும் கொடுத்தீர்கள். ஐந்தாம் பாகத்தில் சொட்டானின் பால்ய காலக் கதை, அவனுக்கு ஓர் அம்மா, அவள் கண்ணீர். ஆறில் அவனுக்குக் கலர் கலராகச் சட்டை. ஒவ்வொரு மேடையிலும் ஒரே வசனம்: ரசிகர்கள் கேட்டார்கள், நாங்கள் கொடுத்தோம்.

ஆமாம், கேட்டார்கள். அந்த ரசிகர்களில் ஒருத்தி நான். இதை அண்ணனிடம் இன்றுவரை சொன்னதில்லை. இங்கே படித்துத் தெரிந்துகொள்ளட்டும். மூன்றாம் பாகத்துக்குப் பிறகு அவன் என்னை எதற்கும் பக்கத்தில் உட்காரச் சொன்னதில்லை. நல்லவன்தான். தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருவான், உடம்பு சரியில்லை என்றால் காரில் கொண்டுபோய் விடுவான். ஆனால் நான் இல்லாமல் அவனால் ஆகாத காரியம் என்று ஒன்று உலகத்தில் இருந்தது, அதை நானே தாழ்மையுடன் விண்ணப்பித்து இல்லாமல் செய்துகொண்டேன். நீ இல்லாமல் ஆட முடியாது என்று அண்ணன் அன்று சொன்னதைத் திட்டு என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். அவன் திட்டவில்லை. அது புரியப் பத்து வயது போதவில்லை.

உங்களுக்கு அப்போது என்ன வயது? நாற்பது இருக்குமா? பயத்தையே தொழிலாகச் செய்தவர் நீங்கள். இருட்டில் நடக்கிறவனுக்குப் பக்கத்தில் ஏன் இன்னொருத்தர் வேண்டியிருக்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பயப்படுகிற பிள்ளை பயத்தை எடுத்துவிடு என்றுதான் கேட்கும். வேறென்ன கேட்கும்? கேட்டதும் ஏன் கொடுத்தீர்கள்? முடியாது என்று சொல்ல ஏன் உங்களுக்கு வாய் வரவில்லை? எட்டாம் பாகத்துக்கு மேடை ஏறும்போது எல்லோர் முன்னாலும், மைக்கில், இதற்குப் பதில் சொல்லுங்கள்.