ஆயர் நீட்டிய பற்றீஸ்

டென்மார்க்கின் பிராண்டே ஊர்த் தேவாலய மண்டபத்தில் பூசை முடிந்து தேநீர் நேரம். பசிபிக் தீவொன்றில் ஊழியம் செய்யும் டேனிஷ் ஆயர் விடுமுறையில் வந்திருக்கிறார். நான் கண்ட ஆயர்கள் முத்தமிட மோதிரத்தை நீட்டுவார்கள். இவர் துடுப்புப் பிடித்துக் காய்த்த கையால் பொரித்த பற்றீஸ் பலகாரத் தட்டத்தை நீட்டுகிறார். மொழிபெயர்க்க நான் பக்கத்தில்.

வரிசையில் மன்னார் அண்ணை ஒருவர். "குடும்பம்?" என்கிறார் ஆயர்.

"மனுசியை ஊரிலயிருந்து இஞ்ச கூப்பிட இன்னும் விசா குடுக்கிறாங்களில்லை, ஆண்டகை."

ஆயர் அவர் தட்டில் இரண்டு வைக்கிறார்.

"ஒண்டு காணும், போதும்."

"மற்றது உங்கள் மனைவிக்கு. எங்கள் தீவில் கடலுக்குப் போயிருப்பவர்களுக்கும் பங்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம்."

நான் தமிழில் சொல்கிறேன். அண்ணை தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நகர்கிறார். அவருக்குப் பின்னால் நிற்பவர், யாரும் கேட்காமலே, தன் தட்டை நீட்டுகிறார்.

"எனக்கு மூண்டு, ஆண்டகை. மனுசியும் மகளும் அங்கதான்."