முப்பத்திரண்டாம் பக்கத்துக் கற்கள்

நேற்று எதிர்வீட்டுக் குட்டிப் பெண் கத்தரிக்கோலும் கையுமாக வந்து நின்றாள். நான்காம் வகுப்பு. குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கிய படச் சார்ட்டை நீட்டி, "ஆன்ட்டி, பத்து மானுமென்ட் கட் பண்ணி ஒட்டணும். நாளைக்கு சப்மிட் பண்ணலேன்னா மிஸ் திட்டுவாங்க" என்றாள். அந்தச் சார்ட் உங்களுக்கும் தெரிந்திருக்கும். தீப்பெட்டி அளவுப் படங்கள். தாஜ்மகால், குதுப்மினார், ஈபிள் கோபுரம். பின்பக்கம் நாலு வரி விளக்கம். ஒட்டிவிட்டால் அந்த நாலு வரியை யாரும் படிக்கவே முடியாது. இதை யோசித்த மகானுக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

பசை டப்பாவைத் திறந்தேன். வாசனை வந்தது, கூடவே கோபமும் வந்தது. பாவம், குழந்தை மேல் இல்லை. இந்த மாதிரி நாலு வரிகளை எழுதிச் சம்பளம் வாங்கியவள் மேல். அது நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வரலாற்றில் பட்டம் வாங்கிய சூட்டோடு, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே அச்சகமும் மாடியில் பதிப்பகமுமாக இருந்த இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பதிப்பகம் என்றால் முதலாளி, டேவிட் அண்ணன், நான். அவ்வளவுதான். எழுத்தையும் படத்தையும் வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி, அட்டையில் ஒட்டிப் பக்கம் தயாரிப்பது டேவிட் அண்ணனின் வேலை. நான் பட்டம் வாங்கியவள் என்பதால் என்னை 'டீச்சரம்மா' என்றுதான் கூப்பிடுவார். மாடி முழுக்கப் பெட்ரோல் மாதிரி ஒரு வாடை. என் தயிர்சாதத்துக்கு ஊறுகாயே தேவைப்படவில்லை.

எனக்குக் கொடுத்த முதல் புத்தகம், சிறுவர்களுக்கான உலக நினைவுச்சின்னங்கள். முப்பத்திரண்டு பக்கம். மகாபலிபுரத்தைத் தாண்டி எங்கும் போகாத நான், பிரமிடு நிழலில் பாண்டி விளையாடி வளர்ந்தவள் மாதிரி எழுதினேன். ஒவ்வொரு பக்கமும் "சிறுவர்களே, வாருங்கள்!" என்று தொடங்கும். எங்கே வருவது? எந்தப் பஸ்ஸில்?

பைசா கோபுரத்தின் அச்சுப் பிலிமை யாரோ திருப்பி வைத்துவிட்டார்கள். கோபுரம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. பதறிக்கொண்டு முதலாளியிடம் ஓடினேன்.

"சாஞ்சிதானேம்மா கீது?" என்றார். "எந்தப் பக்கம் சாஞ்சா இன்னா?"

அப்படியே அச்சானது. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்தும் ஒரு கடிதம் வரவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான்.

முப்பத்தோரு பக்கம் முடிந்தது. கடைசிப் பக்கம் காலி. அதையாவது நம் ஊருக்குக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். முதலில் சிங்கப்பெருமாள் கோவில் குகையைச் சொன்னேன். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அது சாமிம்மா! நான் வாராவாரம் போய் கும்புட்றேன். அதைப் போய் நினைவுச்சின்னம்ன்றியே?"

சரி, கல்வட்டம் என்றேன். கோவிலம்பாக்கத்தைத் தாண்டி, ஏரிக்கு மேல்புறம், இடுப்பளவுப் பாறைகள் வட்டமாக நிற்கும். கல்லூரியில் படிக்கும்போது பார்த்திருந்தேன். இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்து, அந்த இடத்தைச் சுற்றி நட்டவை. பல்லவர்களுக்கெல்லாம் மூத்தவை.

"எங்க நெலத்துலயும் கெடந்துது" என்றார் முதலாளி சாவகாசமாக. "ஏர் ஓட்டப் பேஜாரா கீதுன்னு பேத்து ஏரியில தள்ளிட்டோம்."

என் முகத்தைப் பார்த்துப் பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, போட்டோ எடுத்தாந்து காட்டு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டேவிட் அண்ணனும் நானும் இரவல் கேமராவோடு போனோம். அந்தப் பாறைகளின் மேல் ஒரு பெரியம்மா வறட்டி தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே அவர் குடிசை.

"கல்லை இன்னாத்துக்குப் படம் புடிக்கிறீங்க?"

"புத்தகத்துல போடப் போறோம் பெரிம்மா. பசங்க படிக்கிற புத்தகம்."

"கொஞ்சம் நீங்களும் பக்கத்துல நில்லுங்கம்மா. கல்லு எவ்ளோ உசரம்னு தெரியும்" என்றார் டேவிட் அண்ணன்.

"இப்டியேவா? இரு, நல்ல பொடவையா கட்டிகினு வரேன்."

கட்டிக்கொண்டு வந்து, ஒரு பாறை மேல் கை வைத்து, பல் தெரியச் சிரித்தார். கிளம்பும்போது கேட்டார்: "வந்தா கொணாந்து காட்டுவியா? இல்ல, படம் புடிக்கிறவங்கள்லாம் இப்டித்தான் சொல்லிட்டுப் போவீங்களா?"

"கண்டிப்பா கொண்டு வரேன் பெரிம்மா."

அந்த வாரம் ராத்தூக்கம் இல்லாமல் அந்த ஒரு பக்கத்தை எழுதினேன். "சிறுவர்களே, வாருங்கள்" என்று தொடங்கி, முதல் தடவையாகப் பஸ் வழியும் சொன்னேன். பல்லவரத்தில் ஏறி, கீழ்க்கட்டளையில் இறங்கி நடக்க வேண்டும் என்று.

புதன்கிழமை முதலாளியின் நண்பர் ஒருவர் வந்தார். மனை போட்டு விற்பவர். அவருக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் விளம்பரம் வேண்டுமாம். பிள்ளைகளின் புத்தகத்தை அப்பாக்கள் புரட்டுவார்களாம். மிச்சம் இருந்தது என் முப்பத்திரண்டாம் பக்கம் ஒன்றுதான். மனை எங்கே என்று கேட்டால், அதே ஏரி, அதே மேல்புறம்.

முதலாளிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "போட்டோ ரெடியா கீதே! டேவிட்டு, அந்தக் கல்லை மட்டும் எடுத்துடு. மனை வாங்குறவன் பாறை பூமின்னு பயந்துக்குவான். அந்தம்மாவையும் எடுத்துடு."

"சார், அவங்ககிட்ட சொல்லி எடுத்த படம் சார் அது!" என்றேன்.

"அந்தம்மா மனை வாங்கப் போவுதா?"

டேவிட் அண்ணன் பிரஷ்ஷை எடுத்தார். வெள்ளையும் கறுப்பும் குழைத்துச் சாம்பல் நிறம் செய்து, ஒவ்வொரு கல்லாக மூடினார். நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தலை நிமிராமல் சொன்னார்: "கல்லெல்லாம் ஈஸியா போயிடுச்சி டீச்சரம்மா. இந்தம்மா சிரிப்புதான் போவ மாட்டேங்குது."

மூன்று பூச்சில் அதுவும் போனது. "ஏரிக்காற்று தாலாட்டும் எழில் மனைகள், வாருங்கள்!" என்ற விளம்பர வாசகத்தை யார் எழுதியது என்று கேட்கிறீர்களா? எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மறுத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

புத்தகத்தை அந்தப் பெரியம்மாவிடம் கொண்டுபோகவும் இல்லை. எதைக் காட்டுவது?

இரண்டு வருடம் கழித்து, வேலையும் மாறிய பிறகு, ஒரு நாள் மனசு கேட்காமல் போனேன். பாறைகள் வட்டமாக நின்ற இடத்தில், வெள்ளையடித்து எண் போட்ட குட்டி மனைக்கற்கள் வரிசை கட்டி நின்றன. காவலுக்கு இருந்தவரிடம், "இங்க ஒரு பெரிம்மா குடிசை போட்டு இருந்தாங்களே, எங்க போனாங்க?" என்று கேட்டேன்.

"குடிசையா? நான் வந்ததுலேர்ந்து காலி எடந்தானேம்மா" என்றார்.

இப்போது அங்கே மாடி வீடுகள். பாறைகள் எந்த வீட்டின் அஸ்திவாரத்தில் கிடக்கின்றனவோ தெரியாது. பெரியம்மாவைத் தேடலாம் என்றால், யார் என்று சொல்லிக் கேட்பது? எகிப்து ராஜாக்களின் பெயர்களை வரிசையாக எழுதிய நான், அன்றைக்கு அவர் பெயரைக் கேட்கவே இல்லை.