பேய்க்காற்றுக்கு எறிந்த செருப்பு

அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான், உள்ளே கண்ணாடி முன்னால் அத்தை. இல்லாதவர் பெரியப்பா. எங்கள் குடும்பத்தில் பேசத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு அன்றைக்குப் பார்த்துக் கம்பெனியில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். எது கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு, அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று முடித்துவிடும்படி அப்பாவுக்குப் பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தார். அப்பா சென்ட்ரிங் வேலை செய்பவர். பலகை அடிக்கச் சொன்னால் நாள் முழுக்க அடிப்பார். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடித்துக்கொண்டே இருப்பார்.

அதற்கு முன் இரண்டு இடத்துக்காரர்கள் வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் ஸ்கூட்டர் கேட்டார், இன்னொருவர் பவுன் கணக்குச் சொன்னார். சிட்லபாக்கம் ஏரிக்கரையில் எங்களுக்கென்று மிச்சமிருந்தது வீடும் அதன் பின்னால் அரை கிரவுண்டு நிலமும்தான். இவர்களும் கேட்டால் நிலத்தைக் கொடுத்துவிடுவது என்று அப்பா தீர்மானித்திருந்தார். நிலம் போய் எனக்கொரு கல்யாணம் வேண்டாம் என்று அத்தை முதல் நாள் சொன்னதும், அப்பா எழுந்து வெளியே போனதும் எனக்குத் தெரியும். ஆனாலும் என் கவலை கேசரியைப் பற்றியது. வந்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் எனக்கு என்று அம்மா சொல்லிவிட்டாள்.

காலையில் வருகிறோம் என்றவர்கள் வெயில் உச்சிக்கு வந்த பிறகும் வரவில்லை. ஆட்டோ பிடித்து ரோட்டு வழியாக வருவார்கள் என்று எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வெற்றிலையும் பூவும் வாழைப்பழமும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்தான்.

சித்திரை மாதத்தில் ஏரித் தண்ணீர் ஒரு மூலைக்குப் போய்விடும். மிச்சமெல்லாம் வெடித்துக் கிடக்கும். நடுவில் ஓரிடம் மட்டும் கருகலாக இருக்கும். புதுக் காலனி வீடுகளுக்காகச் செங்கல் சூளை போட்ட இடம் அது. மதிய வெயிலில் அந்தக் கருப்பில் கால் வைக்க முடியாது. அதற்கு நேர் மேலே பருந்துகள் இறக்கையை அடிக்காமலே வட்டம் போட்டு உயரும். கீழே புழுதி பம்பரம்போலச் சுற்றிக்கொண்டு எழும்பும். அதற்குப் பேர் பேய்க்காற்று. பையன்கள் நாங்கள் பேப்பரைக் கிழித்து அதற்குள் போட்டுவிட்டு, அது பனைமர உயரத்துக்குப் போவதை அண்ணாந்து பார்ப்போம். பிற்பகலில் கடல்காற்று வந்துவிட்டால் பருந்துகளும் போய்விடும், பேயும் வராது. தினம் பார்க்கிற காரியம் என்பதால் எங்களுக்குப் பயமில்லை. பெரியவர்களுக்கு இருந்தது. அது நுழைந்த வீட்டில் நல்ல காரியம் நடக்காது, செருப்பைக் கழற்றி எறிந்தால்தான் ஓடும் என்பது எங்கள் பக்கத்துச் சாஸ்திரம்.

அன்றைக்கு எழும்பியது வழக்கத்தைவிடப் பெரியது. சருகையும் காகிதத்தையும் யாரோ காயப்போட்ட துண்டையும் வாரிச் சுருட்டிக்கொண்டு நேராக எங்கள் வாசலைப் பார்த்து வந்தது. அம்மா தட்டோடு வாசல்படியில் நின்றுவிட்டாள்.

"இன்னிக்கா வரணும் இது. டேய், செருப்ப வுடுறா" என்றாள் மாமாவிடம்.

மாமா ஏரியில் கிரிக்கெட் ஆடும்போது பந்து போடுகிறவர். ஒரு செருப்பைக் கழற்றிக்கொண்டு நாலடி ஓடி, கையைச் சுழற்றி விட்டார். அது புழுதிக்குள் போய் மறைந்தது. அடுத்த மூச்சில் புழுதிக்குள்ளிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து அம்மாவின் தட்டில், வாழைப்பழத்தின் மேல் விழுந்தது.

எறிந்த செருப்பைப் பேய் திருப்பி எறிந்ததாக எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. மாமா கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"அக்கா, இது என்னுது இல்ல. லேடீஸ் செருப்பு" என்றார்.

அதற்குள் காற்று, எங்கள் வாசலுக்கு முன்னால் இருந்த கீரைப் பாத்தியை எட்டிவிட்டது. காலையில்தான் பாத்திக்கு நிறையத் தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். அங்கே வந்ததும் அது இளைத்து, வாரிக்கொண்டு வந்ததையெல்லாம் கீரையின் மேல் கொட்டிவிட்டுக் காணாமல் போயிற்று. புழுதி அடங்கியதும் பாத்திக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் நின்றார்கள். ஆட்டோ கிடைக்காமல், சானடோரியம் ஸ்டேஷனில் யாரோ சொன்ன குறுக்கு வழியில் ஏரிக்குள்ளேயே நடந்து வந்திருக்கிறார்கள். தலையெல்லாம் மண். மாப்பிள்ளையின் அப்பாவுடைய வெள்ளைச் சட்டையில், தோளுக்குக் கீழே, ஒரு செருப்புத் தடம். மாமாவின் செருப்பு அவர் கையில் இருந்தது. அவர் பிடித்த பிடியில் வார் பிய்ந்து தொங்கியது.

"பொண்ணு பாக்க வந்தவன செருப்பால அடிக்கிறீங்களா? நல்லா கீதுய்யா உங்க மரியாதை."

அப்பா துண்டை மடிக்க ஆரம்பித்தார். மாமா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனார். இந்த இடமும் போயிற்று என்று எனக்கே தெரிந்தது. அப்போது மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி, கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏங்க, கொஞ்சம் கம்முனு இருங்க. அந்தம்மா தட்டுல கீதே, அது என் செருப்பு."

அந்த அம்மாள் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் மண்ணுமாக நின்றுகொண்டிருந்தார். அவர்கள் பக்கத்துச் சாஸ்திரமும் அதுவேதான். முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. அதைக் கேட்டு ஜன்னலுக்குள் அத்தை சிரித்துவிட்டாள். பெண் பார்க்கிற அன்று பெண் அப்படிச் சிரிப்பது வழக்கமில்லை. மாப்பிள்ளை ஜன்னலைப் பார்த்தார். பிறகு நெடுநேரம் வேறெங்கும் பார்க்கவில்லை.

கால் கழுவி உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அம்மா அந்தச் செருப்பைத் துடைத்து வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு வந்தாள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் முடிந்தது. கடல்காற்று வந்து ஜன்னல் துணி உப்பியது. இனிக் கேட்க வேண்டியதைக் கேட்கும் நேரம். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். அப்பா சுவரோடு சாய்ந்து நின்றார். கேட்க வாயெடுத்தவர் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இன்னாங்க கீது பேசறதுக்கு? ரெண்டு பக்கமும் செருப்ப தூக்கியாச்சு. எந்த மூஞ்ச வெச்சிகினு நான் எதனா கேக்கறது? பொண்ண அனுப்புங்க, போதும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

அப்பா தலையை ஆட்டினார். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லவேண்டியதை மறந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அன்றைய பெருமை செருப்புக்குத்தான் போயிற்று. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், எங்கள் பேராசிரியர் பலகையில் மேல்நோக்கி அம்புக்குறிகள் போட்டு வெப்பச்சலனத்தை விளக்கினார். சுட்ட தரை காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று மேலே போகிறது, பக்கத்துக் காற்று சுழன்றுகொண்டு அந்த இடத்துக்கு ஓடிவருகிறது, ஈரத்தரை வந்தால் சூடு குறைந்து அடங்கிவிடுகிறது. சூளையும் பருந்தும் கீரைப் பாத்தியும் என் கண்முன் வந்தன. ஓடிவந்து வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் மரியாதையாகக் கேட்டார்கள். முடித்ததும் மாமா சொன்னார்: "நீ படிச்சது கரெக்டுதான்பா. ஆனா நான் செருப்ப வுட்ட அப்பாலதான நின்னுச்சு?"



மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன அன்று சாயங்காலம் அப்பா சைக்கிளை எடுத்தார். என்னை முன்னால் பாரிலும் மாமாவைப் பின்னால் கேரியரிலும் ஏற்றிக்கொண்டு தாம்பரம் மார்க்கெட்டுக்கு மிதித்தார். வழியெல்லாம் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வந்தார். அவர் பாடுவார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடையில் மாமாவுக்கு ஒரு ஜோடி புதுச் செருப்பு எடுத்துக் கொடுத்தார். கீரைக்கட்டுக்குக்கூடப் பேரம் பேசுகிறவர், கடைக்காரர் சொன்ன விலைக்கு வாய் திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. போன வாரம் பேனா மூடியைத் தொலைத்ததற்கு எனக்கு முதுகில் விழுந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி மேல் செருப்பை எறிந்தவருக்குப் புதுச் செருப்பு. இது என்ன நியாயம் என்று கேட்டேன். அப்பா குனிந்து என் தலையைத் தடவினார். அந்தச் செருப்பால் அரை கிரவுண்டு நிலம் மிஞ்சியது என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்தார். பதினாலு ரூபாய்.