வலியில் பிறந்த வார்த்தை

தெருவில் அவரை ‘அகராதி’ என்பார்கள். ஆங்கில அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் காலமெல்லாம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அதனால் வந்த பெயர் என்று அவர் நம்பினார். ‘அகராதி பிடித்தவர்’ என்பதன் சுருக்கம் அது என்று எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அவருக்கு மிகவும் பிடித்த சொல் ‘சாரி’. பஸ்ஸில் காலை மிதித்தவன் அதைச் சொல்லிவிட்டால் தொலைந்தான். பழைய ஆங்கிலத்தில் வலியைக் குறித்த சொல்லின் வயிற்றில் பிறந்தது அது, வேதனையில் துடிப்பவனுக்குத்தான் பொருந்தியது, போகப்போகத் தேய்ந்து வெறும் மரியாதைப் பேச்சாகிவிட்டது என்று அவன் இறங்கும் இடம் வரை விளக்குவார். விளக்கியிருக்கிறாரே தவிர, ஒருவரிடமும் ‘சாரி’ என்று சொன்னதில்லை.

போன வாரம் பழைய சகாக்கள் வீட்டுக்கு வந்தார்கள். மனைவி காபியை நீட்டி, “சாரி, கொஞ்சம் ஆறிடுச்சு” என்றாள்.

“அர்த்தம் தெரியாம பேசறதுல எங்க வீட்டம்மாவை அடிச்சுக்க ஆளில்ல” என்று இவர் ஆரம்பிக்க, சபையே சிரித்தது.

மறுநாள் காலை அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ‘அந்த வார்த்தையை அவர் என்கிட்ட வந்து சொல்லட்டும், திரும்பி வர்றேன்’ என்று தகவல் மட்டும் வந்தது.

ஒரு வார்த்தைதானே! அவருக்குத் தெரியாத வார்த்தையா? சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். சகலை கதவைத் திறந்துவிட்டு நைசாக நழுவினார். மனைவி எதிரே வந்து நின்றதும் தொண்டையைக் கனைத்தார்.

“சாரிங்கறது இருக்கே, அதோட வேர்...”

“வலிதானே? கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு. யாருக்கு வலி?”

“சொல்றவனுக்கு!” தெரிந்த கேள்வி வந்ததில் அவர் முகம் மலர்ந்தது.

“உங்களுக்கு வலிச்சுதா?”

அகராதி திருதிருவென்று விழித்தார்.

“அப்ப வலிச்சப்புறம் வாங்க.” கதவைச் சாத்திவிட்டாள்.

வீட்டுக்கு வந்து தானே காபி போட்டார். சர்க்கரை டப்பாவைத் தேடி எடுப்பதற்குள் அது ஆறிவிட்டது. குறை சொல்ல வாயெடுத்தார், கேட்க ஆளில்லை. அன்று எல்லோரும் சிரித்தபோது தட்டோடு நின்ற அவள் முகம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுருக்கென்றது. தம்ளரை அப்படியே வைத்துவிட்டு மறுபடியும் பஸ் ஏறினார்.

இந்த முறை அவளே கதவைத் திறந்தாள்.

“வலிக்குதும்மா” என்றார்.

“எங்க?”

ஊரில் இருக்கிற சொல்லுக்கெல்லாம் வேர் சொன்ன மனிதருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. கண் கலங்கி நின்றார். அவள் பையை எடுத்து வர உள்ளே போனாள்.