வடகரப்பதியில் ஒரு துவைகல் பந்தயம்

பாலக்காட்டுப் பக்கம் வடகரப்பதியில் பழனிசாமி வீட்டுத் துவைகல்லுக்கு மேலே தகரக் கூரை ஏறிவிட்டது. நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை முடிந்ததாக அவர் மனைவி சரசுவதி போனில் சொன்னாள். கையோடு படமும் அனுப்பினாள். ஒரு கூரைக்கு இவ்வளவு பரபரப்பா என்று கேட்பவர்கள், போன வாரம், ஆனி கடைசி நாளன்று, நான் அங்கே போய்வந்த கதையைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சரசு என் பள்ளித் தோழி. பழனிசாமி கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு இருவரும் கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தார்கள். சென்ற தை மாதம் பழனிசாமிக்கு எளிய வாழ்க்கை வாழ வேண்டும் என்று தோன்றிவிட்டது. எல்லாம் செல்போனில் பார்த்த வீடியோக்களின் வேலை. அவருடைய அப்பா விட்டுப்போன தோட்டத்து வீட்டைச் சுத்தம் செய்து குடியேறினார்கள். ஃபிரிட்ஜ், மிக்ஸி, வாஷிங் மெஷின் மூன்றும் வரவில்லை. சரசுவின் தையல் மெஷின் மட்டும் வந்தது. மிதித்து ஓட்டுவதாயிற்றே, அதற்குக் கரண்ட் வேண்டாம்.

நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வைகாசியில் சரசு ஒரு பந்தயம் கட்டினாள். ஆனி மாதம் முழுக்கத் துணி துவைப்பது பழனிசாமியின் பொறுப்பு. வேறு கை படக்கூடாது. ஒரு நாள் தவறினாலும் வாஷிங் மெஷின் வீட்டுக்கு வரும். தவறாமல் முடித்துவிட்டால் மெஷின் பேச்சையே அவள் எடுக்கக்கூடாது.

"கடைசி நாளைக்கு நீ வந்து சாட்சியா நில்லு புள்ள. பத்திரிகைக்காரி சொன்னா இவுரு மாத்திப் பேசமாட்டாரு," என்று கூப்பிட்டாள். இதைவிட நல்ல அழைப்பு எனக்குச் சமீபத்தில் வந்ததில்லை.

காலை 7.10க்கு உக்கடத்தில் வேலந்தாவளம் டவுன் பஸ். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்குச் செலவில்லை. க.க.சாவடி தாண்டியதுமே ஜன்னல் வழியாகக் காற்று முகத்தில் அறைகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் தென்னைகள் எல்லாம் ஒரே திசையில் தலை சாய்த்து நிற்கும். 8.25க்கு வேலந்தாவளத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஏழு கிலோமீட்டர், நூற்று ஐம்பது ரூபாய். இடம் சொல்லத் தொடங்கியதுமே ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"தொவைக்கற பழனிசாமியண்ணன் ஊடுங்களா? இன்னைக்குக் கடைசி நாளாச்சுங்களே! எத்தன மணிக்கு முடியும்னு தெரியுங்களா?"

ஊருக்கே தெரிந்திருக்கிறது.

வண்டி நின்றதும் பழனிசாமி ஈரக் கையோடு வந்து வரவேற்றார். "வாங்க அம்மிணி. பேப்பர்ல போடறதுன்னா கல்லுக்குப் பக்கத்துல நிக்கற மாதிரி ஒரு போட்டோ எடுங்க."

"எளிமையில செல்போனும் போட்டோவும் மட்டும் சேருங்களாட்ட இருக்குது," என்று உள்ளேயிருந்து சரசுவின் குரல் வந்தது.

அவள் தைத்துக்கொண்டிருந்தாள். ஆவணி முகூர்த்தங்களுக்கான ரவிக்கைத் துணிகள் பக்கத்தில் அடுக்கியிருந்தன. சிறுமியாக இருந்தபோது வாய்க்காலில் வீட்டார் துணி முழுவதையும் அவள்தான் துவைத்தாள். வெயில் ஏறும்வரை ஆகும். காரச் சோப்பில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் பள்ளிக்கூடத்தில் பேனா பிடிக்க முடியாமல் இருப்பாள், எனக்கு நினைவிருக்கிறது. கஞ்சிக்கோட்டில் வாஷிங் மெஷின் வாங்கிய பிறகு, அது ஓடுகிற நேரத்தில்தான் அவள் தையல் கற்றுக்கொண்டாள்.

"எளிமையாத்தான் நானு பொறந்து வளந்தேன். அது எனக்குப் புதுசா? மறுபடி கல்லுல நின்னா இந்தத் தையல் போச்சு. அதுக்கு நானு பேசாம மக ஊட்டுக்கே போயிருவேன்," என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் விளையாட்டாகச் சொல்லவில்லை.

பழனிசாமியிடம் நான் எதிர்பாராத ஒரு மாற்றத்தைக் கண்டேன். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு இரண்டு சட்டை மாற்றுகிற மனிதர். இப்போது கொடியில் தொங்குவது மொத்தம் மூன்று சட்டை. "எச்சா இருந்தா நெறையத் தொவைக்கோணுமுங்க," என்றார். குழம்பு மேலே சிந்தாமல் சாப்பிடவும் கற்றிருக்கிறார். வாழ்க்கையை எளிமையாக்க வீடியோ தேவையில்லை, துணியை அவரவரே துவைத்தால் போதும் என்று அந்தக் கொடியைப் பார்த்ததும் தோன்றியது. அந்த எண்ணத்தில் எனக்கே உற்சாகம் பிடித்துக்கொண்டது.

மதியச் சாப்பாடு கம்பஞ்சோறும் மோரும். அது முடிந்ததும் சரசு கடைசி உருப்படியைக் கொண்டுவந்து போட்டாள். இரட்டைக் கட்டில் அகலத்துக்கு ஒரு ஜமுக்காளம்.

"இது எங்கிருந்து வந்துச்சு?" என்றார் பழனிசாமி.

"பரண்ல இருந்துதுங்க. ஆடிக்கு மக வாராள்ல, விரிக்கோணும்."

நனைந்த ஜமுக்காளத்தின் கனம் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். "அண்ணா, தொவைக்கறீங்களா, மல்லுக்கட்டறீங்களா?" என்றார் ஒருவர். பழனிசாமி மூச்சு வாங்க அடித்துத் துவைத்தார். அலசி, முறுக்கி, தோளில் போட்டு இழுத்துவந்து இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய கம்பியில் போட்டார். காற்று ஒரே மூச்சில் அதைக் கப்பல் பாய் போல் உப்ப வைத்தது. கம்பி அறுந்து ஜமுக்காளம் கரிசல் மண்ணில் விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சரசுகூட ஓர் அடி முன்னால் வைத்துவிட்டு, பந்தய விதி ஞாபகம் வந்து நின்றாள். பழனிசாமி அதைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு மறுபடி கல்லுக்குப் போனார். இரண்டாவது தடவை மாட்டுக் கயிற்றில் காயப்போட்டார். மணி 4.40. அவர் ஜெயித்துவிட்டதாக நான் அறிவித்தேன். வேலிக்கு அப்பால் ஒரே கைதட்டல்.

"அப்பாடா! நாளையிலிருந்து நீ பாத்துக்க புள்ள," என்று சரசுவிடம் சொல்லிவிட்டுக் கல் மேலேயே உட்கார்ந்தார்.

"நானெதுக்குங்க? மெஷின் வேண்டாம்னுதான் நீங்க ஜெயிச்சீங்க. தொவைக்க வேண்டாம்னு ஜெயிக்கலீங்களே?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பந்தயம் பேசியதை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுச் சரிபார்த்தேன். ஆனிக்குப் பிறகு யார் துவைப்பது என்று யாருமே பேசவில்லை. அதைத்தான் தீர்ப்பாகச் சொன்னேன். பழனிசாமி, ஆடிப் பதினெட்டுக்கு மகளும் மாப்பிள்ளையும் வரும்போது முடிவு சொல்வதாக அவகாசம் கேட்டார். அதுவரை அவரே துவைப்பதாக ஏற்பாடு.

போக நினைப்பவர்களுக்கு: ஆனி, ஆடியில் போனால்தான் இந்தக் காற்று கிடைக்கும், தொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஊருக்குள் தங்கும் விடுதி எதுவும் என் கண்ணில் படவில்லை, அதனால் கோயம்புத்தூரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்புவதே நல்லது. திரும்பும் ஆட்டோவுக்குக் காலையிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். ஊரில் உப்புத் தண்ணீர்தான், குடிக்கக் கையில் ஒரு பாட்டில் இருக்கட்டும். போவதற்கு முன் உங்கள் வீட்டில் துணி துவைப்பது யார் என்று ஒரு தடவை யோசித்துவிட்டுப் போங்கள். அங்கே நிச்சயம் கேட்பார்கள்.

இனி, உறுதியாகாத செய்தி. படத்தில் கூரை கொஞ்சம் நீளமாகத் தெரியவே, சரசுவை அளந்து பார்க்கச் சொன்னேன். கல்லைத் தாண்டி மூன்றடி அதிகம் இருக்கிறது. மழைச்சாரலுக்கு என்றால் அவ்வளவு தேவையில்லை. ஒரு வாஷிங் மெஷின் தாராளமாக நிற்கும்.

"மெஷினுக்குத்தானுங்களான்னு கேட்டேன். பேச்ச மாத்திட்டாரு. அப்புறம், மாப்பிள்ளைக்கு இன்னொரு கல்லுங்களான்னு கேட்டேன் புள்ள. சிரிக்கறாரு," என்றாள் சரசு.

ஆடிப் பதினெட்டுக்குத் தெரிந்துவிடும். மாப்பிள்ளைக்கு இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை.